இந்தியாவில் எரிபொருட் கலமும் புதுப்பிக்கத்தக்க சக்தியும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

டி. டி. கோசாம்பியை நாம் பெரும்பாலும் வரலாற்றறிஞராகவே அறிவோம். பண்டைய இந்தியச் சமுதாயத்தை உற்பத்தி உறவுகளின் அடிப்படையில் விளக்கிய அவரது ‘இந்திய வரலாற்று ஆய்வுக்கு ஓர் அறிமுகம்’ 1956 இல் வெளிவந்தது. ஆயின், அவர் கணிதவியலாளர் என்பதும், 1945 முதல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திற் பணிபுரிந்தவர் என்பதும், 1960 இல் பூனா நகரில் அணுசக்தி பற்றி ஆற்றிய உரையிற் சூரிய சக்தியே இந்தியாவுக்கு உகந்ததென வாதிட்டவர் என்பதும் அத்துணை கவனிக்கப்படவில்லை. வெயில் நாடெங்கும் பரந்து கிடப்பது. அதனைப் பயன்கொள்ளப் பெருமூலதனமோ நீண்ட மின்கம்பி வலையமைப்போ இன்றியமையாதனவல்ல. ஆதலால் அதிகாரவர்க்கத்தின் பிடியிற் சிக்காத, பரவலாக்கப்பட்ட பொருளாதாரமொன்றுக்கு அது துணைநிற்கும் என்பதே அவர் வாதத்தின் சாரம். புதுப்பிக்கத்தக்க சக்தியும் ஐதரசனும் பெரிதும் பேசப்படும் இன்றைய நிலையில், அவ்வாதத்தை அளவுகோலாகக் கொண்டு இந்திய அனுபவத்தை மதிப்பிடுவது பயனுடைத்து.

எரிபொருட் கலம் புதியதொரு கண்டுபிடிப்பன்று. ஐதரசனையும் ஒட்சிசனையும் எரிக்காமலே இணையச் செய்து மின்சாரம் பெறும் இச்சாதனத்தின் தத்துவத்தை 1839 இல் வில்லியம் குறோவ் பரிசோதனை வாயிலாகக் காட்டினார். அதிற் கழிவாக எஞ்சுவது நீர் மட்டுமே. எனினும் நிலக்கரியும் நீராவி எந்திரமும், பின்னர் டைனமோவும் தொழில் முதலாளித்துவத்தின் தேவைகளை நிறைவுசெய்தமையால், இக்கலம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆய்வுகூடத்திலேயே தங்கிற்று. 1959 இல் பிரான்சிஸ் தோமஸ் பேக்கன் 5 கிலோவாற்று ஆற்றலுள்ள கலமொன்றை இயக்கிக் காட்டினார். அடுத்த தசாப்தத்தில் அமெரிக்காவின் ஜெமினி, அப்பலோ விண்கலங்களில் எரிபொருட் கலங்கள் பயன்பட்டன. செலவைப் பொருட்படுத்தாத வல்லரசுப் போட்டியே அதற்கு வாய்ப்பளித்தது. ஒரு கருவியின் வரலாறு அதனைக் கண்டவரின் மேதைமையால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை என்பது இதனாற் புலனாகும்.

இன்னொன்றும் மனங்கொள்ளத்தக்கது. ஐதரசன் சக்தியின் மூலமன்று; சக்தியைக் காவிச் செல்லும் ஊடகமே. நீரைப் பிரித்து ஒரு கிலோகிராம் ஐதரசன் பெறுவதற்கு ஏறத்தாழ 50 கிலோவாற்று மணி மின்சாரமும் குறைந்தது 9 லீற்றர் தூய நீரும் வேண்டும். அந்த ஐதரசனைக் கலத்திலிட்டு மீண்டும் மின்சாரமாக்கும்போது, முதலிற் செலவிட்டதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே மீளக் கிடைக்கும். எனவே எரிபொருட் கலத்தின் எதிர்காலம் பற்றிய வினா, அம்மின்சாரமும் நீரும் நிலமும் எவரிடமிருந்து பெறப்பட்டு எவருக்காகச் செலவிடப்படுகின்றன என்ற வினாவாகவே முடிகின்றது.

இந்திய அரசின் முயற்சிகள் 1973 ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியைத் தொடர்ந்தே வேகம் பெற்றன. 1981 இல் மேலதிகச் சக்தி மூலங்களுக்கான ஆணைக்குழுவும், 1982 இல் மரபுசாராச் சக்தி மூலங்கள் திணைக்களமும் தோன்றின. 1992 இல் அது தனி அமைச்சாயிற்று. 2006 இல் ‘புதிய, புதுப்பிக்கத்தக்க சக்தி’ அமைச்சு எனப் பெயர் மாறிற்று. இலக்கிய மாணவராகிய நாம் இப்பெயர்களைச் சற்று ஊன்றி நோக்குதல் தகும். சாணமும் விறகும் காற்றும் வெயிலும் ‘மரபுசாரா’ மூலங்களாயின. கிராமத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அடுப்பெரித்தது இவற்றைக் கொண்டே. அவர்களுக்கு எது மரபோ அது அரசுக்கு மரபுசாராதது. நிலக்கரியையும் எண்ணெயையும் மரபெனக் கொண்ட வர்க்கத்தின் பார்வையே அப்பெயரில் உறைந்துள்ளது.

பெயரில் மட்டுமன்றித் திட்டங்களிலும் இப்பார்வை தொடர்ந்தது. 1981-82 இல் ஆரம்பமான தேசிய உயிர்வாயு அபிவிருத்தித் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். சாணத்திலிருந்து எரிவாயுவும் பசளையும் பெறுதல் தொழில்நுட்ப ரீதியிற் சிறந்ததே. ஆனால் ஒரு குடும்பத்துக்கான வாயுக்கலத்தை இயக்கச் சில மாடுகளேனும் வேண்டும். அதனை அமைக்க இடமும் முதலும் வேண்டும். ஆகவே பயன் பெரிதும் மாடும் நிலமும் உடையோரைச் சார்ந்தது. வழியிற் கிடந்த சாணத்தைப் பொறுக்கி வரட்டி தட்டிய ஏழைகளுக்கோ, சாணம் பெறுமதியுள்ள பண்டமாக மாறுமிடத்து இருந்த எரிபொருளும் கைநழுவும் என ஆய்வாளர் பலர் எச்சரித்தனர்.

காற்றும் வெயிலும் இதற்கு விலக்கல்ல. 1990களிற் காற்றாலை முதலீட்டின் முழுப் பெறுமதியையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழித்து வரிச்சலுகை பெற இயன்றது. தமிழ்நாட்டின் முப்பந்தற் பகுதியிற் காற்றாலைகள் பெருகியமைக்கு ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றைப் போலவே இச்சலுகையும் காரணமாயிற்று. 2010 இல் தேசிய சூரிய சக்தித் திட்டம் அறிவிக்கப்பட்டபின் பெரும் சூரியப் பூங்காக்கள் எழுந்தன. கர்நாடகத்தின் பாவகடாவில் ஏறத்தாழ 13,000 ஏக்கர் நிலத்தில் 2,050 மெகாவாற்றுப் பூங்கா அமைந்தது. இங்கு நிலம் பறிக்கப்படவில்லை. ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 21,000 ரூபா என்ற அடிப்படையிற் குத்தகைக்குப் பெறப்பட்டது. வறட்சியால் வாடிய நிலவுடைமையாளருக்கு இது ஆறுதலே. ஆனால் அந்நிலத்திற் கூலிக்கு உழைத்தவர் குத்தகை ஒப்பந்தத்தில் இடம்பெறவில்லை. உடைமை உள்ளவனுக்கு வெயில் வாடகை தந்தது. உழைப்பு மட்டுமே உள்ளவனுக்கு வேலை அருகிற்று.

ஐதரசனுக்கு வருவோம். 2006 ஆம் ஆண்டின் தேசிய ஐதரசன் வழிவரைபு, 2020 அளவில் பத்து இலட்சம் ஐதரசன் வாகனங்களையும் 1,000 மெகாவாற்று மின்னுற்பத்தியையும் இலக்காகக் கொண்டது. அவ்விலக்குகள் எட்டப்படவில்லை. 2023 சனவரியில் 19,744 கோடி ரூபா ஒதுக்கீட்டுடன் தேசியப் பசுமை ஐதரசன் திட்டம் அங்கீகரிக்கப்பட்டது. 2030 அளவில் ஆண்டுக்கு 50 இலட்சம் தொன் உற்பத்தியும் அதற்கென 125 கிகாவாற்றுப் புதிய மின்னாற்றலும் அதன் இலக்குகள். ஏற்றுமதியும் அதன் வெளிப்படையான நோக்கங்களுள் ஒன்று. இன்று இரசாயனப் பசளைக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்புக்கும் வேண்டிய ஐதரசன் பெரிதும் இயற்கை வாயுவிலிருந்தே பெறப்படுவதால், அத்துறைகளில் இம்மாற்றம் உண்மையில் அவசியமானதே. விவசாயியின் யூரியா அந்நிய வாயுவைச் சார்ந்திராத நிலை முற்போக்கானதென்பதில் ஐயமில்லை. ஆனால் மேற்கிந்தியாவின் வறண்ட பிரதேசங்களின் வெயிலும் நீரும் ஐதரசனாகவும் அமோனியாவாகவும் கப்பலேறுமாயின், மூலப்பொருளை ஏற்றுமதி செய்யும் குடியேற்ற நாட்டுப் பொருளாதாரத்தின் பழைய வடிவம் பசுமை நிறத்தில் மீண்டும் தோன்றும்.

2025 நடுப்பகுதியில் இந்தியாவின் நிறுவப்பட்ட மின்னாற்றலிற் பாதி, நிலக்கரி, எண்ணெய், வாயு ஆகியன சாராத மூலங்களுக்குரியதாயிற்று. எனினும் உற்பத்தியாகும் மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியினதே. சார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் அச்சுரங்கங்களை நம்பி வாழும் தொழிலாளரின் நாளைய வாழ்வு எவ்வாறமையும் என்பதும் இம்மாற்றத்தின் பகுதியே.

எந்திரத்தை வெறுக்கும் கற்பனாவாதத்துக்கு நாம் உடன்பட இயலாது. காற்றாலையும் சூரியக் கலமும் எரிபொருட் கலமும் மனித உழைப்பின் மகத்தான பேறுகள். புவி வெப்பமுறும் காலத்தில் தவிர்க்கவொண்ணாதனவுங்கூட. கோசாம்பி கருதிய கருவிகள் வந்துவிட்டன. அவர் கருதிய பரவலாக்கம் வரவில்லை. குத்தகையில் நிலமற்றோர்க்குப் பங்கு, தொழிற்சாலைக்கு முன்னர் குடிக்கும் பயிருக்கும் நீர், கிராமக் கூட்டுறவின் உடைமையில் மின்னுற்பத்தி, சுரங்கத் தொழிலாளிக்கு மாற்றுத் தொழில் என்பன தாமாகக் கிட்டுவனவல்ல. வெயில் எவருக்கும் உடைமையன்று. அது விழும் நிலம் உடைமையாயிருக்கும்வரை, புதுப்பிக்கத்தக்க சக்தி பழைய உறவுகளையே புதுப்பித்துக்கொண்டிருக்கும்.