சமையற்காரி மேரியும் கை கழுவும் விதியும்

உணவகப் பணியாளர்கள் சோப்பு போட்டுக் கை கழுவவேண்டும் என்ற விதி ஏன் முக்கியம் என்பதை ஒரு சோக வரலாறு சொல்கிறது.

1906-ஆம் ஆண்டு நியூயார்க் அருகே ஆய்ஸ்டர் பே என்னும் ஊரில், ஒரே வீட்டில் 6 பேருக்கு டைபாய்டு காய்ச்சல் கண்டது. விசாரித்த ஜார்ஜ் சோப்பர், அங்கு சமைத்த மேரி மாலனைச் சந்தேகித்தார். மேரிக்கோ காய்ச்சலே இல்லை. ஆனால் அவரது மலத்தில் டைபாய்டு கிருமிகள் இருந்தன. சரியாகக் கழுவாத கைகள் வழியே அவை உணவில் கலந்தன.

1907-ல் அவரை ஒரு தீவில் தனிமைப்படுத்தினர். இனிச் சமைப்பதில்லை என உறுதியளித்து 1910-ல் விடுதலையானார். துணி துவைக்கும் வேலையில் வருமானம் குறைவு. எனவே பெயரை மாற்றிக்கொண்டு மறுபடியும் சமைக்கப் போனார். 1915-ல் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் 25 பேருக்குக் காய்ச்சல் பரவியது; இருவர் இறந்தனர். 1938-ல் இறக்கும்வரை மேரி தீவிலேயே வைக்கப்பட்டார்.

நலமாகத் தெரிபவரும் கிருமியைச் சுமக்கலாம். ஆகவே கை கழுவுதல் எல்லோருக்கும் பொது. கூடவே, 'சமைக்காதே' என்று தடுத்தால் மட்டும் போதாது. பிழைக்க வேறு வழியும் காட்டவேண்டும்.