மரபேணியின் சருக்கரைக் கால்கள்

1953ஆம் ஆண்டில் வாட்சன், கிரிக் என்னும் அறிஞர் இருவர் டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் வடிவை உலகிற்கு அறிவித்தனர். ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் எக்ஸ்-கதிர் ஆய்வு அதற்குத் துணைநின்றது. முறுக்கிய ஏணி போன்ற அவ்வடிவை மாணவர் யாவரும் அறிவர். அடினைன் தைமினோடும், குவானைன் சைட்டோசினோடும் கைகோத்து ஏணியின் படிகளாகின்றன. கால்களோ சருக்கரையும் பாஸ்பேட்டும் மாறிமாறித் தொடுத்தவை. பாடநூல்கள் படிகளை விரித்துரைத்துக் கால்களை ஒரு வரியில் கடந்துவிடும். நான் இன்று பேச விழைவது அக்கால்களைப் பற்றியே.

மரபுப் பொருளில் அமைந்த சருக்கரை ஐந்து கரியணுக்கள் கொண்டது. குளுக்கோசைப் போல ஆறு கரியணுச் சருக்கரை அமைந்திருக்கலாகாதா? சூரிக் நகர வேதியியல் பேரறிஞர் ஆல்பர்ட் எஷென்மோசர் இவ்வினாவை எழுப்பியதோடு நில்லாமல், அத்தகைய இழைகளை ஆய்வுக்கூடத்தில் ஆக்கியும் பார்த்தார். 1992இல் அவர் குழுவினர் வெளியிட்ட முடிவு வியப்பூட்டுவது. ‘ஹோமோ டி.என்.ஏ.’ எனப்பட்ட அவ்விழைகள் தம்முள் டி.என்.ஏ.யினும் இறுகப் பிணைந்தன, ஆனால் டி.என்.ஏ.யோடு இணையவில்லை. எழுத்துகள் அவையே, சட்டத்தின் சாய்வு வேறாகவே, அவை ஒன்றையொன்று எட்டவில்லை. மாறாக, 2000ஆம் ஆண்டில் அவர் குழுவினர் விவரித்த, திரியோசு என்னும் நான்கு கரியணுச் சருக்கரையாலான இழை டி.என்.ஏ.யோடும் ஆர்.என்.ஏ.யோடும் இசைந்து இணைந்தது.

சருக்கரையின் வளையம் தட்டையானதன்று, சற்றே மடிந்தது. அம்மடிப்பு டி.என்.ஏ.யில் ஒருவகை, ஆர்.என்.ஏ.யில் மற்றொருவகை. 1997, 1998ஆம் ஆண்டுகளில் சப்பானில் இமானிசியும் டென்மார்க்கில் வெங்கலும் தனித்தனியே ஓர் உத்தி கண்டனர். வளையத்தின் குறுக்கே சிறு பாலமிட்டு, ஆர்.என்.ஏ.க்குரிய மடிப்பிலேயே அதனைப் பூட்டிவிட்டனர். இத்தகைய ஓர் அலகைச் சேர்த்தாலே, இணைந்த இழைகள் பிரியும் வெப்பநிலை பெரும்பாலும் 2 முதல் 8 பாகை வரை உயர்கிறது.

இதனால் விளையும் பயன் யாது? 1978இல் சமெக்னிக்கும் ஸ்டீபன்சனும் சிறு டி.என்.ஏ. துண்டொன்றால், கோழி உயிரணுக்களில் ஒரு வைரசு பெருகுவதைத் தடுத்துக் காட்டினர். ஆயினும் இயற்கைத் துண்டுகளை உடலின் நொதிகள் விரைவில் வெட்டிவிடும். சருக்கரையை மாற்றியமைத்தால் துண்டு நிலைக்கும், ஆர்.என்.ஏ.யையும் உறுதியாகப் பற்றும். அவ்வாறு அமைந்த நுசினெர்சென் என்னும் மருந்துக்கு 2016இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. முதுகுத்தண்டு நரம்பணுக்கள் அழிவதால் தசை நலியும் கொடிய பிறவி நோய்க்கு அது மருந்து. குழந்தைகள் பலர் அதனால் பயனுற்றனர்.

இறுகப் பற்றுவது மருந்துக்குச் சிறப்பு. மரபுக்கு அதுமட்டும் போதாது. படியெடுக்கும் வேளையில் இழைகள் விலகவும் வேண்டுமன்றோ? இயற்கை மிக வலியதைத் தேடவில்லை, ஏற்றதையே தேர்ந்தது என்பது எஷென்மோசரின் கருத்து. மாணவர்களே! பாடநூல் ஒரு வரியில் கடக்கும் இடத்தில் சற்றே நின்று, ‘ஏன்?’ என்று வினவுங்கள். இம்மருந்தின் வரலாற்றிலும் அத்தகைய வினாவொன்றிற்கு இடமுண்டு.