சேர்ந்து உட்காருதலும் சேர்ந்து பழகுதலும்: மாணவரிடையே பண்பாட்டிடைத் திறன்

பண்பாட்டிடைத் திறன் என்பது பிற பண்பாட்டாரைப் பற்றிய தகவல்களைத் தெரிந்து வைத்திருப்பது அன்று. எதிரில் இருப்பவர் முகம் பார்த்துப் பேசாமல் தலை கவிழ்ந்திருக்கிறார் என்றால், அது பணிவா, ஒளிவா என்று தீர்ப்பதற்கு முன் சற்றே தயங்கத் தெரிவது. மொழிக்கல்வி அறிஞர் மைக்கேல் பைரம் 1997இல் வெளியிட்ட நூலில் இத்திறனை மனப்பாங்கு, அறிவு, பொருள்கொண்டு தொடர்புபடுத்தல், கண்டறிந்து பழகுதல், விமரிசன நோக்குள்ள பண்பாட்டு விழிப்பு என ஐந்தாகப் பகுத்தார். ஐந்தில் அறிவு ஒன்றே. பள்ளிகள் பெரும்பாலும் அந்த ஒன்றோடு நின்றுவிடுகின்றன. ஆண்டுக்கொரு முறை பிறநாட்டு உடையும் உணவும் காட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகின்றன.

பலதரப்பட்ட பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைத்தால் மற்றது தானே நடக்கும் என்ற நம்பிக்கையும் பழையது. அமெரிக்கப் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த 1954ஆம் ஆண்டிலேயே, உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் இந்த நம்பிக்கைக்கு வரம்பு கட்டினார். சம தகுதி, பொது இலக்கு, ஒத்துழைப்பு, அதிகாரத்தின் ஆதரவு ஆகிய நான்கும் இருந்தால்தான் பழக்கம் வெறுப்பைக் குறைக்கும் என்பது அவர் வாதம்.

அதை வகுப்பறையில் செய்து காட்டியவர் உளவியலாளர் எலியட் ஆரன்சன். 1971இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் வெள்ளையரும் கறுப்பரும் ஸ்பானியமொழிப் பிள்ளைகளும் ஒன்றாக்கப்பட்டபோது கைகலப்பு மூண்டது. எல்லாரும் ஆசிரியரின் பாராட்டுக்குப் போட்டியிடும் வகுப்புமுறையே சிக்கலின் வேர் என்று அவர் குழு கண்டது. மாற்றுவழி எளிது. ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை ஆறு பத்திகளாகப் பிரித்து, ஆறு பேர் கொண்ட குழுவில் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். தேர்வோ முழு வரலாற்றிலும். ஆங்கிலத்தில் தடுமாறும் சிறுவன் ஒருவன் தன் பத்தியைச் சொல்லத் திணறியபோது மற்றவர்கள் முதலில் கேலி செய்தார்கள். அவன் பத்தி அவனிடம் மட்டுமே இருக்கிறது, தேர்வு நெருங்குகிறது என்று நினைவூட்டப்பட்டதும் கேலி மெல்ல மெல்லக் கேள்வியாக மாறியது. அவனிடமிருந்து விஷயத்தை வரவழைக்கும்படி கேட்க அவர்கள் கற்றார்கள். பைரம் பின்னர் ‘கண்டறிந்து பழகுதல்’ என்றது ஏறத்தாழ இதைத்தான். நல்லெண்ணப் போதனை எதுவும் அங்கே தேவைப்படவில்லை.

ஆல்போர்ட்டின் நான்கு நிபந்தனைகளும் கட்டாயமா என்பது வேறு கேள்வி. உளவியலாளர்கள் பெட்டிகுரூவும் டிராப்பும் 2006இல் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அவை பயனைக் கூட்டுகின்றன, ஆனால் அவை இல்லாமலும் பழக்கம் வெறுப்பைக் குறைக்கக்கூடும் என்றே தெரிந்தது. இம்முடிவைக் கொண்டு ஆரன்சனின் அமைப்பு வீண் என்று சொல்ல முடியாது. வெறுப்பு குறைவது ஒன்று, திறன் வளர்வது மற்றொன்று. மனமார நேசிக்கும் நண்பனையும் தவறாகப் புரிந்துகொள்ளலாம்.

வெளிநாட்டுப் படிப்பிலும் இதே இடைவெளி உண்டு. 1987இல் 3,244 மாணவர்களோடு தொடங்கிய ஐரோப்பாவின் எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத் திட்டம் இன்று மிகப் பெரியது. ஆனாலும் அயல்நாட்டுக்குப் போய்த் தன் நாட்டாருடனேயே அறை எடுத்து, சமைத்து, பேசிவிட்டுத் திரும்புவது எந்த மாணவருக்கும் எளிது. ஐரோப்பிய மன்றம் 2009இல் வெளியிட்ட ‘பண்பாட்டிடைச் சந்திப்புகளின் தன்வரலாறு’ என்னும் கருவி இங்கே உதவும். மாணவர் தமக்கு நேர்ந்த ஒரே ஒரு சந்திப்பை எடுத்துக்கொண்டு, என்ன நடந்தது, தமக்கு எப்படி இருந்தது, எதிரில் இருந்தவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று படிப்படியாக எழுதுகிறார். இதற்கு மதிப்பெண் போடுவது மட்டும் ஆபத்து: போட்டால், நடந்ததை விட்டுவிட்டு ஆசிரியர் விரும்புவதை எழுதும் பழக்கம் உடனே ஒட்டிக்கொள்ளும்.