பெயரில் இருந்த மரணமும் குருதியில் இருந்த விடையும்

1897ஆம் ஆண்டு எடின்பரோ மருத்துவர் பீட்டர் மக்பிரைட், மூக்கும் முகமும் விரைந்து அழிந்துபோன நோயாளி ஒருவரின் ஒளிப்படங்களை வெளியிட்டார். பின்வந்தோர் இத்தகைய நோயை 'உயிர்கொல்லும் நடுக்கோட்டுக் கிரானுலோமா' என்றழைத்தனர். மொழியியல் பயின்றோர் இத்தொடரைச் சற்றுப் பிரித்துப் பார்க்கலாம். 'நடுக்கோடு' நோயின் இடத்தைச் சுட்டுகிறது. 'உயிர்கொல்லும்' அதன் முடிவைச் சுட்டுகிறது. நோய் யாது என்று சொல்ல எஞ்சியிருப்பது 'கிரானுலோமா' ஒன்றே. அதுவோ அழற்சிக் கட்டியைக் குறிப்பது, புற்றுநோயைக் குறிப்பதன்று. முடிவை உறுதியாகச் சொன்ன பெயர், நோயைத் தவறாகச் சொன்னது.

1990இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இக்கட்டிகளில் எப்ஸ்டீன்-பார் வைரஸின் டி.என்.ஏ.வைக் கண்டனர். ஆப்பிரிக்கக் குழந்தைகளைத் தாக்கிய பர்கிட் லிம்போமாவிலிருந்து 1964இல் இனங்காணப்பட்ட அதே வைரஸ் அது. 2001ஆம் ஆண்டின் உலக சுகாதார நிறுவன வகைப்பாடு இந்நோயை என்.கே./டி செல் லிம்போமா எனப் பதிவுசெய்தது. கிழக்காசியாவிலும் இலத்தீன் அமெரிக்காவிலும் ஓரளவு காணப்படும் இந்நோய் பிற நிலங்களில் மிக அரிது.

நோயின் போக்கை முன்னறிய, அதுவரை எல்லா லிம்போமாக்களுக்கும் பொதுவான எல்.டி.எச். நொதியின் அளவே குருதியில் பார்க்கப்பட்டது. 1993இன் பன்னாட்டு முன்கணிப்புக் குறியீட்டில் அதற்கு இடமுண்டு. ஆயினும் அந்நொதி வேறு பல காரணங்களாலும் உயரும். வைரஸ் டி.என்.ஏ. அத்தகையதன்று, மடியும் புற்றுச் செல்களிலிருந்து அதன் துணுக்குகள் பிளாஸ்மாவில் கலக்கின்றன. அளவு மிகுந்தோர்க்கு நோய் முற்றியிருப்பதையும் வாழ்நாள் குறைவதையும் 2004இல் ஹாங்காங் ஆய்வாளர்கள் காட்டினர். 2016இல் வெளியான 'பிங்க்-இ' குறியீடு அதனை வயது, நோய்நிலை முதலியவற்றோடு சேர்த்துக்கொண்டது.

இங்கொன்று கருதத்தக்கது. பழைய ஆந்த்ராசைக்ளின் மருந்துகளுக்கு இந்நோய் எளிதில் பணியவில்லை; ஆஸ்பராஜினேஸ் சார்ந்த சிகிச்சைகள் வந்தபின் நிலை மாறியது. எனவே 'பிங்க்-இ', ஆந்த்ராசைக்ளின் சாராத சிகிச்சை பெற்றோரின் தரவுகளைக் கொண்டே வகுக்கப்பட்டது. சொல்லின் பொருள் வழங்கும் சூழலால் அமைவதுபோல, குருதிக் குறியீட்டின் பொருளும் அக்காலச் சிகிச்சையால் அமைகிறது. மருந்து மாறினால் அதே எண்ணின் பொருளும் மாறலாம்.

பழைய பெயர் ஒருமுறை சூட்டப்பட்டதும் தீர்ப்பாகி நின்றது. குருதியையோ சிகிச்சைக்குப் பின் மீண்டும் சோதிக்கலாம், வைரஸ் டி.என்.ஏ. மறைந்திருப்பின், நம்பிக்கைக்கு இடமுண்டு. நோய்ப்பெயர்களின் வரலாற்றை ஆராய்வோர் ஒவ்வொரு பெயரிடமும் கேட்க வேண்டிய வினா இது: இது நோயை விவரிக்கிறதா, நோயாளியின் முடிவைத் தீர்ப்பளிக்கிறதா?