பேஸ் கிட்டாரிஸ்ட்டின் காதைக் கெடுப்பது பேஸ் சத்தமா? நிஜ வில்லன் யார்? முழு விளக்கம்

ராக் மேடையில் நாலு தந்தி கிட்டாரோடு ஓரமாக நின்று தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பாரே, அவர்தான் பேஸ் கிட்டாரிஸ்ட். வாசிக்கும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள். நிறுத்தினால்தான் 'என்னமோ குறையுதே' என்று தோன்றும். இளையராஜா பாடல்களை ஹெட்போனில் கேட்பவர்களுக்கு இந்த வாத்தியத்தின் அருமை நன்றாகவே தெரியும்.

மேடையில் நிற்கும் மற்றவர்களைப் போல இவர்களுக்கும் காதில் 'கொய்ங்' சத்தம், கேட்கும் திறன் குறைவது போன்ற பிரச்னைகள் வருகின்றன. 'அவ்ளோ பெரிய ஸ்பீக்கர் முன்னாடி நின்னா வராம என்ன செய்யும்?' என்று கேட்கலாம். ஆனால், பெரும்பாலும் முதல் குற்றவாளி அந்த ஸ்பீக்கர் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டிரம்மரின் சிம்பல்தான்!

பேஸ் ஒலி காதை என்ன செய்கிறது?

பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி எழுப்பும் ஒலி சுமார் 41 ஹெர்ட்ஸ். இவ்வளவு தாழ்ந்த ஒலி நம் காதுக்கு மந்தமாகத்தான் கேட்கும். 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளுக்குத்தான் காது அதிகக் கூர்மை காட்டும். அதிலும் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளை நம் காதுக் குழாயே இன்னும் கூட்டிக் கொடுக்கிறது. அதனால்தான் சத்தத்தால் வரும் பாதிப்பு முதலில் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் பகுதியில் தெரிய ஆரம்பிக்கிறது.

சிம்பல், ஸ்னேர் டிரம் இரண்டும் இந்தப் பகுதியில்தான் போட்டுத் தாக்கும். பேஸ் வாசிப்பவரோ தாளத்தோடு ஒட்டிப் போவதற்காக, வழக்கமாக டிரம்மரின் ஹை-ஹாட் பக்கமே நிற்கிறார். ஒரு காது மட்டும் நேராக அடி வாங்குகிறது.

அப்படியானால் பேஸ் நிரபராதியா? முழுசாக இல்லை. தாழ்ந்த ஒலி அதிகமானால் மற்ற ஒலிகளை அமுக்கிவிடும். உடனே கிட்டாரிஸ்ட் தன் சத்தத்தைக் கூட்டுவார். 'நான் வாசிக்கிறதே கேக்கல' என்று பேஸ்காரர் இன்னும் கொஞ்சம் கூட்டுவார். இந்தப் போட்டியில் எல்லார் காதும் தோற்கும்.

எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம்?

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் ஒரு நாள் வரம்பு இது:

• 85 டெசிபல் – 8 மணி நேரம்
• 88 டெசிபல் – 4 மணி நேரம்
• 91 டெசிபல் – 2 மணி நேரம்
• 94 டெசிபல் – 1 மணி நேரம்
• 100 டெசிபல் – 15 நிமிடம்

3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிவிடும், அவ்வளவுதான் கணக்கு. இசை நிகழ்ச்சி நடக்கும் இடங்களில் 15 நிமிட சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார அமைப்பும் 2022-ல் வரையறுத்தது.

போனால் ஏன் திரும்பாது?

உள்காதில் நத்தை வடிவத்தில் இருக்கும் காக்ளியாவில் சுமார் 15,000 மயிர் செல்கள் இருக்கின்றன. ஒலியை மூளைக்குப் புரியும் சமிக்ஞையாக மாற்றுவது இவைதான். இவை செத்தால் மனிதருக்கு மறுபடி முளைக்காது.

இதை அனுபவித்தே தெரிந்துகொண்டவர் கேத்தி பெக். சான் ஃபிரான்சிஸ்கோவின் 'தி கான்ட்ராக்‌ஷன்ஸ்' குழுவில் பேஸ் வாசித்தவர். 1980-களில் ஓக்லண்டில் நடந்த ஒரு பெரிய அரங்க நிகழ்ச்சிக்குப் பிறகு அவர் காதில் இரைச்சல் நிற்கவே இல்லை. கேட்கும் திறனும் குறைந்தது. அவர் முடங்கிவிடவில்லை. இசைக் கலைஞர்களின் காதைக் காக்க 1988-ல் ஒரு மருத்துவரோடு சேர்ந்து 'ஹியர்' என்ற அமைப்பைத் தொடங்கினார்.

இன்னொருவர் 'தி ஹூ' குழுவின் பேஸ் மேதை ஜான் என்ட்விசில். 1976 மே 31 அன்று லண்டன் சார்ல்டன் கால்பந்து மைதானத்தில் இந்தக் குழு நடத்திய நிகழ்ச்சியில், 32 மீட்டர் தள்ளி அளந்தபோதே 126 டெசிபல் பதிவானது. அது கின்னஸ் சாதனையும் ஆனது. பிற்காலத்தில் என்ட்விசிலுக்குக் கேட்கும் திறன் வெகுவாகக் குறைந்துபோனது. காதைக் கெடுப்பதை ஊக்குவிக்க வேண்டாம் என்று கின்னஸும் அந்தப் பிரிவையே கைவிட்டது.

என்னென்ன கருவிகள் உதவும்?

இசைக்கான இயர்பிளக்: கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்பாஞ்ச் வகை, கூர்மையான ஒலிகளை அதிகமாக வெட்டிவிடும். எல்லாம் போர்வைக்குள்ளிருந்து கேட்பது போல இருக்கும். இசைக் கலைஞர்களுக்கான ஃபில்டர் வகை எல்லா ஒலிகளையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் குறைக்கும். 9, 15, 25 டெசிபல் என்று ஃபில்டர்கள் உண்டு. காதில் சரியாகப் பொருந்தினால், 15 டெசிபல் ஃபில்டர் 100 டெசிபல் மேடையை 85 ஆக்கிவிடும். 15 நிமிட வரம்பு 8 மணி நேரமாகிறது!

இன்-இயர் மானிட்டர்: வெளிச்சத்தத்தை அடைத்துவிட்டு, தேவையானதை மட்டும் காதுக்குள் கொடுக்கும். ஒலியைக் குறைவாக வைத்தால்தான் பலன். ஒரு காதில் மட்டும் மாட்டுவது தப்பு. திறந்த காது அடி வாங்கும், மாட்டிய காதில் சத்தத்தைக் கூட்ட வேண்டிவரும்.

ஸ்பீக்கரை உயர்த்துங்கள்: தரையில் வைத்த ஸ்பீக்கர் முழங்காலுக்குத்தான் வாசிக்கிறது. 'முழங்காலுக்குக் காது கிடையாது' என்பது இவர்கள் வட்டாரத்து ஜோக். ஸ்டாண்டில் ஏற்றியோ சாய்த்தோ காதைப் பார்க்க வைத்தால், குறைந்த சத்தத்திலேயே தெளிவாகக் கேட்கும்.

அதிர்வுக் கருவி: 'பட்கிக்கர்' என்று ஒன்று இருக்கிறது. பெயருக்கு ஏற்ப, ஸ்டூலுக்கு அடியிலிருந்து உதைக்கும். பேஸ் ஒலியைச் சத்தமாக இல்லாமல் அதிர்வாக உடம்புக்குக் கொடுக்கிறது.

டெசிபல் ஆப்: நியோஷின் இலவச ஆப் ஐபோனில் கிடைக்கிறது. ஒரு விஷயம், இத்தகைய மீட்டர்கள் வழக்கமாகக் காதின் கூர்மைக்கு ஏற்பக் கணக்கிடுவதால், 40 ஹெர்ட்ஸ் ஒலியில் சுமார் 35 டெசிபலைக் கழித்தே காட்டும்.

ஓயாத செல்லச் சண்டைகள்

'இயர்பிளக் போட்டா ஃபீல் போயிடும்' என்பது ஒரு கட்சி. 'காது போனா எல்லாமே போயிடும்' என்பது எதிர்க்கட்சி. நாலு தந்தியா அஞ்சு தந்தியா, விரலா பிக்கா என்ற சண்டைகளைப் போல இதுவும் ஓய்வதில்லை.

ஆம்ப் விஷயத்திலும் இதே கதைதான். 1969-ல் வந்த ஆம்பெக் எஸ்விடி 300 வாட்ஸ் வால்வு ஆம்ப். தலைப்பகுதி மட்டுமே 35 கிலோவைத் தாண்டும். அதன் எட்டு ஸ்பீக்கர் பெட்டிக்குச் செல்லப்பெயரே 'ஃப்ரிட்ஜ்'! காதுக்கு நிரந்தரப் பாதிப்பு வரலாம் என்ற எச்சரிக்கை வாசகத்தையும் அந்த ஆம்பில் ஒட்டித்தான் விற்றார்கள். இன்று 2, 3 கிலோ டிஜிட்டல் ஆம்பே 500 வாட்ஸ் தருகிறது. 'ஃப்ரிட்ஜ் தர்ற நெஞ்சதிர்வு வருமா?' என்று ஒருவர் கேட்பார். 'முதுகுவலி வராதே' என்று இன்னொருவர் சிரிப்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒன்றுகூடுவார்கள்: தப்பு டிரம்மர் மேல்தான்!

இந்த அறிகுறிகளை விடாதீங்க

• நிகழ்ச்சி முடிந்தபின் காதில் 'கொய்ங்' சத்தம்
• காதில் பஞ்சு வைத்தது போன்ற மந்தம்
• கூட்டத்தில் பேச்சு கேட்டாலும் வார்த்தை புரியாமல் போவது

மறுநாள் காலையில் சரியானாலும், அது காது கொடுக்கும் எச்சரிக்கைதான். திடீரென ஒரு காது கேட்காமல் போனால் அன்றே ஈ.என்.டி. மருத்துவரைப் பாருங்கள், தாமதித்தால் சிகிச்சையின் பலன் குறையும். மேடையில் வாசிப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஆடியோகிராம் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

மெல்லிசைக் கச்சேரியில் பெரிய ஸ்பீக்கர் முன்னால் சீட் பிடிப்பவர்களுக்கும் மேலே சொன்ன டெசிபல் கணக்கு அப்படியே பொருந்தும். நாலு வரிசை தள்ளி உட்காருங்கள், பாட்டு அங்கேயும் நல்லாவே கேக்கும்.