நான்கு கட்டங்களின் கணக்கு

மருத்துவ ஆய்வில் மனிதர்களை நோயுற்றோர், நோயுறாதோர் என்றும், மருந்து பெற்றோர், பெறாதோர் என்றும் பிரித்து எண்ணும்போது நான்கு கட்டங்கள் கொண்ட அட்டவணை ஒன்று உருவாகிறது. எடையைப் போலவோ உயரத்தைப் போலவோ அளக்கப்படாமல் இவ்வாறு வகைபிரித்து எண்ணப்படுவது வகைசார் தரவு எனப்படும். இரு பிரிவினைகளுக்கும் இடையே தொடர்பு உண்டா, தோன்றும் வேறுபாடு தற்செயலா என்று அறிய உதவும், 1900இல் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் வகுத்த கைவர்க்கச் சோதனை பேரெண்களுக்குரிய தோராயமாதலால், அரிய நோய்களின் அட்டவணைகளில் கட்டங்கள் ஒன்று, இரண்டு, சுழியம் என வறண்டு நிற்கும்போது தடுமாறியது.

இக்குறையை 1934இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த பிராங்க் யேட்ஸ் ஒரு பல் மருத்துவத் தரவைக் கொண்டு விளக்கினார். தாய்ப்பால் குடித்து வளர்ந்த 20 பேரில் 4 பேருக்கும், புட்டிப்பால் குடித்து வளர்ந்த 22 பேரில் ஒருவருக்கும் மட்டுமே பல்வரிசை சீராக இருந்தது. தாய்ப்பாலின் பக்கம் இவ்வளவு சாய்வு தற்செயலாக நேரும் வாய்ப்பைப் பழைய சோதனை நூற்றுக்கு 6 என்று மதிப்பிட்டது. புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் காட்டிய வழியோ தோராயத்தை நாடாமல் நேரடியாக எண்ணுவது: வரிசைகளின், நிரல்களின் கூட்டுத்தொகைகளை மாறாதவையாகக் கொண்டால், 42 பேரிலிருந்து சீரான பல்வரிசையுடைய ஐவரைத் தேர்வதற்கு 8,50,668 வழிகள் உண்டு; அவற்றுள் நால்வரோ ஐவருமோ தாய்ப்பால் குடித்தவராக அமையும் வழிகள் 1,22,094. ஆகவே உண்மையான வாய்ப்பு நூற்றுக்கு 14க்கும் சற்று மேல். துல்லியச் சோதனை எனப் பெயர்பெற்ற இம்முறையின் பெருமை, போதிய சான்று இல்லாத இடத்தில் இல்லை என்று சொல்லும் நேர்மையிலேயே முதலில் வெளிப்பட்டது. கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் பெரிய அட்டவணைகளை இவ்வாறு எண்ணுவது பெரும் உழைப்பாதலால், கைவர்க்கக் கணக்கில் கட்டங்களின் எண்ணிக்கைக்கும் எதிர்பார்த்த எண்ணிக்கைக்கும் இடையிலான வேறுபாடுகளில் அரையைக் (0.5) கழிக்கும் எளிய திருத்தத்தையும் யேட்ஸ் தந்தார். மேற்சொன்ன தரவில் அதுவும் ஏறத்தாழ அதே 14ஐத் தருகிறது.

சிறிய எண்கள் உரத்துப் பேசும் இடமும் உண்டு. 15 முதல் 22 வயதுக்குள் யோனிப் புற்றுநோய்க்கு ஆளான 8 பெண்களைப் பற்றி, ஆர்தர் ஹெர்ப்ஸ்ட் தலைமையிலான பாஸ்டன் மருத்துவர்கள் 1971 ஏப்ரலில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒவ்வொருவருக்கும் ஒப்பீடாக, ஐந்து நாள் இடைவெளிக்குள் பிறந்த நால்வர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். நோயுற்ற 8 பேரில் 7 பேரின் தாய்மார் கருச்சிதைவைத் தடுப்பதற்கெனத் தரப்பட்ட டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் செயற்கை ஹார்மோனைக் கர்ப்பகாலத்தில் உட்கொண்டிருந்தனர். ஒப்பீட்டுக்கு வந்த 32 பேரின் தாய்மாரில் ஒருவர்கூட உட்கொள்ளவில்லை. ஒரு கட்டத்தில் சுழியம் நிற்பதால் இரு பிரிவினரையும் ஒப்பிடும் விகிதம் முடிவிலியாகிவிடுகிறது. ஆனால் ஒவ்வொருவரையும் அவருக்குரிய நால்வரோடு இணைத்ததைக் கருதாமல் ஃபிஷரின் வழியில் எண்ணிப் பார்த்தால், இது தற்செயலாக நேரும் வாய்ப்பு 23 லட்சத்தில் ஒன்றே. கருவிலிருந்தபோது நேர்ந்த தீங்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் மகளிடம் வெளிப்பட்டது மருத்துவ வரலாற்றின் பெருந்துயரங்களுள் ஒன்று; அதை நாற்பதே பேர் கொண்ட அட்டவணை காட்டியது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளுக்கு அம்மருந்தைத் தரவேண்டாமென மருத்துவர்களை எச்சரித்தது.