காற்றுப்பை விளக்கும் பழுதறியும் முறையும்

கார் மோதும்போது விரிந்து பயணியைத் தாங்கும் காற்றுப்பைக்கு, அதாவது ஏர்பேக்குக்கு, பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜான் ஹெட்ரிக் 1953இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஜெர்மனியில் வால்டர் லிண்டரரும் ஏறத்தாழ அதே காலத்தில் இதையொத்த ஓர் அமைப்புக்கு உரிமை பெற்றிருந்தார். இரண்டுமே அழுத்தப்பட்ட காற்றை நம்பியவை. கண் இமைப்பதற்குள் பை விரிந்தாக வேண்டும் என்ற தேவைக்கு அந்த வேகம் போதவில்லை. அறுபதுகளின் இறுதியில் ஆலன் பிரீட் உருவாக்கிய மோதல் உணர்வியும், எரிந்து நொடிப்பொழுதில் வாயுவைத் தரும் சோடியம் அசைடும் கிடைத்த பிறகே அது நடைமுறைக்கு வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1974 முதல் 1976 வரை சில பெரிய கார்களில் விரும்பியோருக்கு அதைப் பொருத்திக் கொடுத்துவிட்டுக் கைவிட, எண்பதுகளின் தொடக்கத்தில் மெர்சிடிஸ் பென்ஸ் அதை மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தது.

பிரேக் தேய்ந்தால் ஓட்டுபவரின் காலுக்கே அது தெரிந்துவிடும்; ஆண்டுக்கணக்கில் சும்மா இருந்து ஒரே ஒரு முறை வேலை செய்ய வேண்டிய ஏர்பேக்கின் நிலையை ஓட்டிப் பார்த்து அறிய வழியில்லை. ஆகவே அமெரிக்க அரசின் 208ஆம் எண் பாதுகாப்புத் தரவிதி, அமைப்பு தன்னைத் தானே கண்காணித்து, ஓட்டுநர் இருக்கையிலிருந்து தெளிவாகத் தெரியும்படி தன் நிலையை அறிவிக்க வேண்டும் என்று விதித்தது. சாவியைத் திருப்பியதும் சில நொடிகள் எரிந்து அணைவதே இதற்கென வைக்கப்பட்ட எச்சரிக்கை விளக்கின் முறை. அணையாமல் நிற்பது எப்படிப் பழுதோ, அப்படியே எரியாமலே இருப்பதும் பழுதுதான். பழைய கார் விற்போர் சிலர் பல்பைக் கழற்றிவிடுவதுண்டு என்பதால் இது பொருட்படுத்த வேண்டிய செய்தி. ஃபோர்டு கார்களில் விளக்கே பழுதுபட்டால் ஐந்தைந்தாக ஐந்து முறை ஒலியெழுப்பும் ஏற்பாடும் இருந்தது.

தொண்ணூறுகளின் முற்பகுதி வரை பல கார்களில் பழுதின் குறியெண்ணை இவ்விளக்கே சொன்னது. மூன்று முறை மினுக்கி, சற்று நிறுத்தி, இரண்டு முறை மினுக்கினால் 32 என்று எண்ணிக்கொண்டு மெக்கானிக் கையேட்டைப் புரட்டினார். 1996 முதல் அமெரிக்கக் கார்களுக்குக் கட்டாயமான பொதுப் பழுதறி முறையோ புகை மாசைக் கருதி வகுக்கப்பட்டது. ஏர்பேக் குறியெண்கள் அதில் சேராமல் அந்தந்த நிறுவனத்தின் கருவிக்கே உரியவையாக நின்றன. அதனால் விலை மலிந்த ஸ்கேனர் எஞ்சின் பழுதைக் காட்டியபோதும் உயிர்காக்கும் கருவியின் பழுதைக் காட்டாத விந்தை நேர்ந்தது.

பழுது பெரும்பாலும் பையில் இருப்பதில்லை. ஸ்டியரிங்குக்கு அடியில் பாய்போல் சுருண்டு, சக்கரம் திரும்பும்தோறும் இறுகியும் தளர்ந்தும் வேலை செய்யும் கிளாக் ஸ்பிரிங் என்னும் பட்டை வயர் நாளடைவில் அறுந்துபோகும். இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்துவதால் அதன் அடியிலுள்ள மஞ்சள் கனெக்டர் தளரும். வாயு தரும் வெடிமருந்தைப் பற்றவைக்கும் சுற்றின் மின்தடை ஏறக்குறைய 2 ஓம் மட்டுமே என்பதால், முனையில் படிந்த சிறு களிம்பே விளக்கை எரியவைக்கப் போதும். சாதாரண மீட்டரின் மின்னோட்டமே பையை வெடிக்கச் செய்யக்கூடும். எனவே பேட்டரியைக் கழற்றி, மோதலில் மின்சாரம் அறுந்தாலும் பையை விரிக்கவென மின்னைச் சேமித்திருக்கும் மின்தேக்கி வடியும்வரை காத்திருந்து, பைக்குப் பதிலாக அதே அளவுள்ள மின்தடையைப் பொருத்திப் பார்க்கும் முறை வழக்கமாயிற்று. அப்போது விளக்கு அணைந்தால் குறை பையில். அணையாவிட்டால் வயரிலோ கட்டுப்பாட்டுப் பெட்டியிலோ தேட வேண்டும்.

இத்தனை கவனத்துக்கும் அகப்படாத குறையொன்று, ஏர்பேக் தயாரித்த தகாட்டா நிறுவனத்தின் விவகாரத்தில் வெளிப்பட்டது. அந்நிறுவனம் வாயுவுக்காகப் பயன்படுத்திய அம்மோனியம் நைட்ரேட், ஈரத்தை உறிஞ்சும் பொருள் சேர்க்கப்படாத உருளைகளில், பல்லாண்டு வெப்பத்தாலும் ஈரத்தாலும் சிதைந்து, அளவுக்கு மீறி வெடித்து உலோகச் சில்லுகளைப் பயணிகள்மீது வீசியது. மின்சுற்று சரியாகவே இருந்ததால் அக்கார்களின் விளக்கு முறைப்படி எரிந்து அணைந்தது. அது அளப்பது மின்சாரத்தை, வெடிமருந்தின் நிலையை அன்று. 2008இல் ஹோண்டா தொடங்கிவைத்த திரும்பப்பெறுதல் பின்னர் கோடிக்கணக்கான கார்களுக்கு விரிந்தபோது, ஆபத்தான வண்டிகளைத் தயாரிப்பு ஆண்டு, அடையாள எண், அவை ஓடிய ஊரின் ஈரப்பதம் ஆகியவற்றைக் கொண்டே இனங்காண நேர்ந்தது. 2014இல் புளோரிடா, ஹவாய் போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளின் கார்கள் முதலில் அழைக்கப்பட்டன.